கிழங்கு நாட்டின் மண் மதிப்பெண்

கூடைப்பந்து ஆடுகிறவர்களைப் பார்க்காமலேயே அவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று சொல்லிவிடும் நிறுவனம் ஒன்று உண்டு. இது சோதிடம் இல்லை. சோதிடனாவது கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பான். இங்கே அந்தத் தொந்தரவும் கிடையாது. அதன் பெயர் பூர்விகத் திறன் மதிப்பீட்டு நிறுவனம். வெளிநாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண் யாராவது லீகில் ஆட வேண்டுமென்றால், அவளைச் சேர்க்கும் கிளப் முதலில் இந்த நிறுவனத்திடம் அவளுடைய நாட்டுக்கான மண் மதிப்பெண்ணை வாங்கியாக வேண்டும். நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இருந்தால் அவள் ஆடலாம். கீழே இருந்தால் கேலரியில் உட்கார்ந்து கைதட்டலாம்.

ஏணியின் அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அந்த நிறுவனத்தின் வாசலில் அவளுக்கு ஒரு நிறுத்தம் இருந்தது. அங்கே ஏறுகிறவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு ஏறுவதைப் பார்த்து, ஏதோ வரி ஆபீஸ் என்று பல காலம் நினைத்திருந்தாள். தன் மகளையும் ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டி வரும் என்று அவள் கனவிலும் எண்ணவில்லை.

ஏணி என்பது மகளுக்குத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர். ஆறடி மூன்று அங்குலம். குடியிருப்பில் எந்த வீட்டில் பல்பு போனாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பல்பு மாட்டிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் கையில் பந்துதான். வீட்டுக்குப் பின்னால் இருந்த முற்றத்துச் சுவரில் ஒரு பழைய வாளியின் வளையத்தை அடித்து வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தார் வைய வைய, போட்டுப் போட்டே வளர்ந்தவள். அப்பா கப்பலில் வேலை. வருஷத்துக்கு இரண்டு முறை வருவார், வரும்போதெல்லாம் மகளை அண்ணாந்து பார்ப்பார். ஒரு நல்ல கிளப் அவளைக் கூப்பிட்டபோது, "மண் மதிப்பெண் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். அம்மா லீவு போட்டாள்.

வரவேற்பறைச் சுவரில் ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது: விளையும் பயிர் மண்ணிலே தெரியும். முளையிலே தெரியும் என்றுதான் அம்மா கேள்விப்பட்டிருந்தாள். முளைக்கிறவரை காத்திருக்க இவர்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வு நடந்த ஆடுகளம் அருமையாக இருந்தது. பளபளவென்ற மரத்தரை, புத்தம்புது வளையம். ஏணி ஓடினாள், எழும்பினாள், போட்டாள். போட்டதெல்லாம் விழுந்தது. எதிரில் ஆட நிறுவனம் அனுப்பிய மூன்று பெண்களும் கடைசியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மதிப்பீட்டாளர்கள் ஏழு பேரும் ஆடுகளத்தின் ஓரத்தில் வரிசையாக நாற்காலி போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆடுகளத்துக்கு முதுகு. ஏழு பேர் காதிலும் பஞ்சு.

"ஏங்க, இவங்க ஏன் திரும்பி உக்காந்திருக்காங்க?" என்று பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் அம்மா கேட்டாள்.

"ஆட்டத்தைப் பார்த்தா மதிப்பீடு கெட்டுப்போயிடும்மா. போன வருஷம் ஒருத்தர் தும்மும்போது தெரியாம திரும்பிட்டார். பாவம், வேற பிரிவுக்கு மாத்திட்டாங்க."

"பஞ்சு எதுக்கு?"

"பந்து வலையில விழற சத்தம் இருக்கே, அது மனசை இளக்கிடும்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. படித்தவர்கள் காரணமில்லாமல் காதை அடைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

பிறகு நேர்காணல். இயக்குநர் வெள்ளைத் தாடிக்காரர், அச்சில் வருவதுபோலவே பேசுகிறவர். அவரும் சின்ன வயதில் வேறொரு நாட்டிலிருந்து வந்தவர்தான். மேசைமேல் பெயர்ப்பலகை இருக்க வேண்டிய இடத்தில் 'எழுபத்தைந்து' என்று பித்தளையில் பொறித்து வைத்திருந்தார். அது அவர் பிறந்த நாட்டின் மண் மதிப்பெண்.

"உங்கள் நாட்டில் மாடிப்படிகள் உயரமா, தாழ்வா?" என்று ஆரம்பித்தார்.

"அங்க மாடியே கிடையாதுங்க."

"ம். உங்கள் நாட்டில் முக்கிய விளைபொருள் உயரத்தில் காய்க்குமா? கைநீட்டிப் பறிப்பீர்களா?"

"உருளைக்கிழங்குங்க. மண்ணைத் தோண்டித்தான் எடுக்கணும்."

இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். கிழங்கு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிட்டது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. உதவியாளரைப் பார்த்துக் கேட்டார்: "இவர்கள் நாட்டிலிருந்து வந்து கூடைப்பந்தில் வெற்றி பெற்றவர்கள் எத்தனை பேர்?"

"பூஜ்யம், ஐயா."

"ஆட வந்தவர்கள்?"

"அதுவும் பூஜ்யம், ஐயா."

"பார்த்தீர்களா அம்மா? ஒருவர்கூட வெற்றி பெறவில்லை."

"ஒருத்தரும் ஆட வரவே இல்லைன்னு சொல்றீங்களே. வராதவங்க எப்படிங்க தோப்பாங்க?"

"வந்து தோற்பவர்களுக்காவது ஒரு முயற்சி இருக்கிறது. வராமலே தோற்றவர்களின் தோல்வி இன்னும் ஆழமானது," என்றார் இயக்குநர் கனிவாக.

ஏணி வாயைத் திறந்தாள். "சார், இப்ப நான் போட்டது ஒண்ணுகூட வெளிய விழலையே சார்."

"மகளே, தனிமனிதர்கள் எங்களை ஏமாற்றிவிடுவார்கள். இன்றைக்கு நன்றாக ஆடுவார்கள். நாளைக்கும் நன்றாக ஆடுவார்கள். வாழ்நாள் முழுவதும் நன்றாக ஆடி நம்மை நம்ப வைத்துவிடுவார்கள். நாடு அப்படி ஏமாற்றாது."

"ஒரே ஒரு தடவை நீங்க திரும்பிப் பாக்கக் கூடாதா?"

"பார்க்காமல் இருப்பதுதான் நாங்கள் உனக்குச் செய்யும் நியாயம். உன் மூக்கும் முழியும் எங்கள் கணக்கில் சேராது. உன் மண் மட்டுமே சேரும். இதைவிடப் பாரபட்சமற்ற ஒரு முறை உலகத்தில் உண்டா?"

மதிப்பெண் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட கையோடு இயக்குநர் ஒரு யோசனையும் சொன்னார்: கிழங்கு நாட்டாருக்குப் பளு தூக்குவதில் நல்ல எண் இருக்கிறதாம், சோபா தூக்கும் வேலைக்குப் போனால் பிரகாசிக்கலாமாம். குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்த கதை.

அம்மா விடவில்லை. மேல்முறையீடு செய்தாள். மேல்முறையீட்டுக் குழுவிலும் அதே ஏழு பேர்தான் இருந்தார்கள். இந்தத் தடவை எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாக் கோணத்திலிருந்தும் பரிசீலித்துவிட்டதாக அறிவித்தார்கள். மூத்த மதிப்பீட்டாளர் மட்டும் பரிதாபப்பட்டு, "வேற எங்கயாவது பிறந்திருக்க வாய்ப்பு இருக்கான்னு வீட்டுல நல்லா விசாரிச்சுப் பாருங்கம்மா" என்றார். பெற்றவளைப் பார்த்து, பிள்ளை எங்கே பிறந்தது என்று விசாரிக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த ஏணி பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அம்மா தாங்கியிருப்பாள். அவள் தாங்க முடியாதது வேறொன்று: பிள்ளை கூன் போட்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். கடைக்குப் போகும்போதும் வரும்போதும் தோளைக் குறுக்கிக்கொண்டு, கழுத்தை இழுத்துக்கொண்டு, ஆறடி மூன்று அங்குலத்தை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாதவள்போல. பல்பு மாட்டக் கூப்பிட்டால், "ஸ்டூல் போட்டு நீங்களே மாட்டிக்கோங்க" என்றாள். அம்மா பேருந்து ஓட்டும்போதெல்லாம் அந்த வளைந்த முதுகே கண்ணுக்கு முன்னால் நின்றது. நிறுவனத்து நிறுத்தம் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கைப் போடுவாள். நின்று வருகிற பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். 'உன் குடும்பம் விளங்காமப் போக' என்று இயக்குநரை மனதாரச் சபித்துவிட்டுக் கதவை மூடுவாள். சாபம் பலிக்கிற வேகத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. தானே இறங்கி வேலை செய்ய ஒரு சமயம் கிடைக்காதா என்று காத்திருந்தாள்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரத்தானே வேண்டும். லீகில் கடைசி இடத்தில் கிடந்த ஒரு கிளப்பின் கோச் ஏணியைத் தேடி வந்தார். கத்திக் கத்தித் தொண்டை போய், எல்லாவற்றையும் ஊதியே சொல்லுகிறவர் என்பதால் அவருக்கு விசில் என்று பெயர். அவருடைய அணியில் பாதிப் பேருக்குக் கால் மடங்கியிருந்தது. காயம்பட்டவளின் இடத்துக்கு வருகிறவள் புதிதாகச் சேர்க்கப்பட்டவள் ஆகமாட்டாள், அந்தப் பருவம் முடியும்வரை அவளுக்கு மதிப்பெண் வேண்டாம் என்று விதியில் ஒரு சந்து இருந்தது. இதை விசில் பாதி ஊதியும் பாதி சைகையாலும் விளக்கினார். ஏணி கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பந்தை எடுத்தாள்.

அதன் பிறகு நடந்ததை ஊரே பார்த்தது, நிறுவனத்தைத் தவிர. கடைசி இடத்தில் இருந்த அணி படிப்படியாக மேலே வந்து கோப்பையைத் தூக்கியது. பருவத்தின் சிறந்த ஆட்டக்காரி என்று ஏணியைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். முடியாமல்போகவே அவள் மற்றவர்களைத் தூக்கினாள். முதுகு நிமிர்ந்துவிட்டது. அம்மா கேலரியில் அழுதாள், பக்கத்தில் இருந்தவன் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தாள்.

மறுநாள் நிறுவனத்தின் அட்டவணை திருத்தப்பட்டது. கிழங்கு நாட்டிலிருந்து ஆட வந்தவர்: ஒருவர். வெற்றி பெற்றவர்: ஒருவர். மண் மதிப்பெண்: நூற்றுக்கு நூறு. உலகத்தில் வேறு எந்த நாடும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. நூறாண்டுகளாகக் கூடைப்பந்து ஆடி, ஆயிரக்கணக்கில் வீராங்கனைகளை அனுப்பிய நாடுகளெல்லாம் அறுபதிலும் ஐம்பதிலும் முனகிக்கொண்டிருந்தன.

இயக்குநர் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேசினார். "கிழங்கு தோண்டும் மக்கள் அவர்கள். கீழே கிடப்பதை விடாமல் கைப்பற்றும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக அவர்கள் விரல்களில் ஊறியிருக்கிறது. பலகையில் பட்டுத் திரும்பும் பந்தை அந்தப் பெண் எப்படி எடுக்கிறாள் என்று நினைக்கிறீர்கள்? கிழங்கு! இதை இந்த நிறுவனம் என்றோ கண்டறிந்துவிட்டது." ஒரு நிருபர், ஒரே ஒரு பெண்ணை வைத்து ஒரு நாட்டை எப்படி எடை போடுவது என்று கேட்டார். இயக்குநர் சிரித்தார். "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்," என்றார்.

அன்று சாயங்காலமே பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஏணி பயிற்சிக்குப் போயிருந்தாள். அம்மா கதவைத் திறந்து, ஆளை அடையாளம் கண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அம்மா, இரண்டு செய்திகள். உங்கள் மகளுக்கு நூறு மதிப்பெண் வழங்கியிருக்கிறோம். அடுத்த பருவத்துக்கு அவள் முறைப்படி பதிவு செய்துகொள்ளலாம். இரண்டாவது, நிறுவனம் தானே ஓர் அணியை உருவாக்குகிறது. முழுவதும் உங்கள் நாட்டவர். நானே பயிற்சியாளர். லீக் தலைவி முன்னிலையில் காட்சிப் போட்டி. இந்த நகரத்தில் உங்கள் நாட்டுப் பெண்கள் வேறு யாராவது இருக்கிறார்களா?"

அம்மாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சோம்பல் முறித்து எழுந்தது.

"இருக்காங்க சார். என் அக்கா இருக்கா, தங்கச்சி இருக்கா. எங்க அண்ணன் சம்சாரம் இருக்காங்க. என் நாத்தனாரும் இருக்கா. என்னையும் சேத்தா சரியா அஞ்சு பேர். ஆனா சார், அவங்க ஆடறதை நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டா எனக்கும் மனசு நிம்மதியா இருக்கும்."

இயக்குநர் பதறிப்போனார். "பார்ப்பதா? அம்மா, நீங்களே இப்படிப் பேசலாமா?"

"தெரியாம சொல்லிட்டேன் சார்," என்றாள் அம்மா.

அக்காவுக்கு அறுபதை நெருங்குகிற வயது, தையல் கடை. தங்கைக்கு ரொட்டிக் கடையில் விடிகாலை வேலை, மற்ற நேரத்தில் நின்றுகொண்டே தூங்குவாள். அண்ணிக்குச் சின்ன வயதில் பந்து பட்டு மூக்குக்கண்ணாடி உடைந்ததிலிருந்து உருண்டையாக எதைப் பார்த்தாலும் பயம். நாத்தனாருக்கு இரண்டு முழங்காலும் வலி. வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும். நாத்தனார் விஷயத்தைக் கேட்டதும், "உன் பொண்ணு குதிச்சா எங்க எல்லாரையும் குதிக்கச் சொல்லுவானா அந்த ஆளு? அறிவு இருக்கா அவனுக்கு?" என்றாள்.

"அறிவு இல்லைன்னு ஊருக்குக் காட்டத்தான் கூப்பிடறேன். நீ சும்மா வந்து நில்லு. தோத்தாலும் சம்பளம் உண்டு."

"நிக்கறதுன்னா வரேன்," என்றாள் நாத்தனார். இருபது வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

ஐந்து பேருக்கும் நூறு மதிப்பெண் சான்றிதழும் ஜெர்சியும் வந்தன. பயிற்சியின்போது இயக்குநர் சுவரைப் பார்த்து நின்று உரை நிகழ்த்தினார். பின்னால் ஐந்து பெண்களும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். தங்கை தூங்கினாள். குறட்டைச் சத்தம் கேட்டு, "ஆழ்ந்த மூச்சு! மண்ணின் மூச்சு!" என்று இயக்குநர் மகிழ்ந்துபோனார்.

போட்டிக்கு எதிரணி, கோப்பை வென்ற விசிலின் அணி. அதாவது ஏணியின் அணி. ஆடுகளத்தில் வந்து நின்ற பிறகுதான் ஏணிக்கு எதிரே நிற்பவர்கள் யாரென்று தெரிந்தது.

"அம்மா! என்ன இது கோலம்? பெரியம்மா, நீங்களுமா?"

"பேசாம ஆடுடி. இந்த ஜெர்சி தையல் சரியில்லைன்னு உன் பெரியம்மா கோவமா இருக்கா," என்றாள் அம்மா.

மேல்வரிசையில் லீக் தலைவி உட்கார்ந்திருந்தாள். பெரிய மனுஷி, எண் என்று எதை நீட்டினாலும் நம்புகிறவள். அரங்கு நிறைந்திருந்தது. பந்து மேலே போனது, ஏணி எடுத்தாள், போட்டாள். மறுபடியும் எடுத்தாள், போட்டாள். நாத்தனார் நடு ஆடுகளத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பக்கத்தில் ஓடுகிற பெண்களிடமெல்லாம் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தாள். தங்கை வளையத்துக்கு அடியில் நின்றபடியே கண்ணயர்ந்தாள். அக்கா ஒருத்தியை நிறுத்தி, பிரிந்துபோன தோள் தையலைக் காட்டி, "இப்படியே விட்டா முழுக்கக் கிழிஞ்சிடும், நாளைக்குக் கடைக்குக் கொண்டு வா" என்றாள். அம்மாவோ பந்து கையில் வந்தபோதெல்லாம் மகளிடமே கொடுத்தாள். பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

அரங்கத்துச் சிரிப்பு காதிலிருந்த பஞ்சையும் தாண்டி நுழைந்தபோது, பயிற்சியாளர் நாற்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த இயக்குநர் தன் உத்தியோக வாழ்க்கையில் முதல்முறையாகத் திரும்பினார். திரும்பிய அந்தக் கணத்தில்தான் அண்ணி தன்னை நோக்கி வந்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ" என்று இரண்டு கையாலும் தள்ளிவிட்டாள். அது எங்கேயோ பட்டு, எதிலோ மோதி, கூடைக்குள் விழுந்தது. அந்த அணி போட்ட கூடை அது ஒன்றுதான். நூற்று முப்பத்தொன்றுக்கு இரண்டு என்று ஆட்டம் முடிந்தது.

அம்மாவுக்கு அன்று இரவு அப்படி ஒரு தூக்கம் வந்தது. பழிக்குப் பழி வாங்கியவர்களுக்கு நிம்மதி கிடையாது என்று சொல்கிறவர்கள் ஒழுங்காகப் பழி வாங்கத் தெரியாதவர்கள்.

ஆனால் காலையில் ஏணி எழுப்பினாள். கையில் போன். கண் சிவந்திருந்தது.

"கிழங்கு நாட்டிலேர்ந்து ஆடினவங்க ஆறு பேர், ஜெயிச்சவங்க ஒருத்தர்னு கணக்குப் போட்டிருக்காங்கம்மா. மதிப்பெண் பதினாறுதானாம். நாற்பதுக்குக் கீழ. என் பதிவை ரத்து பண்ணப் போறாங்க. நாளைக்கு விசாரணையாம்." போனைக் கட்டில்மேல் எறிந்து, "உன் கோவத்தைத் தீத்துக்க என் கழுத்துதான் கிடைச்சுதா?" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தோள் மறுபடியும் குறுகியிருந்தது.

இது அம்மா எண்ணிப் பார்க்காத விஷயம். அந்த ஆளுக்கு வெட்டிய குழியில் தன் பிள்ளையே விழுந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள். என்ன பேசுவது என்று ராத்திரியெல்லாம் யோசித்தாள், ஒன்றும் தோன்றவில்லை.

விசாரணை நீளமான மேசையில் நடந்தது. தலைவி நடுவில். ஏழு மதிப்பீட்டாளர்களும் வழக்கம்போல் சுவரைப் பார்த்து. இயக்குநர் எழுந்து நின்றார். ஒரே நாளில் தாடி கலைந்திருந்தது, குரல் கலையவில்லை.

"மேன்மைமிகு தலைவி அவர்களே, அட்டவணை தன்னைத்தானே திருத்திக்கொண்டுவிட்டது. அதுதான் அதன் மகிமை. கிழங்கு நாடு மீண்டும் தன் இயல்பான இடத்துக்கு வந்துவிட்டது. ஆகவே இந்தப் பெண்ணின் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கிறேன். அவள் கோப்பை வென்றாளே என்பார்கள். வென்றது அவள், தகுதியற்றது அவள் நாடு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது."

ஏணி தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா அந்த முதுகைப் பார்த்தாள். பயம் போய் ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு வாயும் வந்தது.

"தலைவியம்மா, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள். "எங்க அஞ்சு பேருக்கும் சார்தான் நூத்துக்கு நூறு போட்டாரு. உலகத்துலயே ஒசத்தியான ஆட்டக்காரிங்கன்னு சான்றிதழ் குடுத்தாரு. அந்த நூறு உண்மையா பொய்யாம்மா?"

தலைவி இயக்குநரைப் பார்த்தாள். "அட்டவணை சொன்னதுதானே?"

"அட்டவணை சொன்னதுதான்," என்றார் இயக்குநர், கொஞ்சம் தயங்கி.

"பொய்யின்னா சொல்லிடுங்க சார். அட்டவணையே தப்புன்னு எழுதிக் குடுத்துடுங்க, நாங்க போயிடறோம். உண்மையின்னா, அவ்வளவு ஒசத்தியான அஞ்சு பேரைக் கையில குடுத்தும் ரெண்டே புள்ளிதான் வந்துதே, அதுக்கு யாரு காரணம்? நல்ல வண்டியைக் குடுத்தும் கொண்டுபோய் மரத்துல மோதினா, எங்க டிப்போல டிரைவரைத்தான் கேப்பாங்க, வண்டியை இல்ல. அந்த அணிக்கு டிரைவர் யாரு சார்?"

தலைவி மெல்லத் திரும்பினாள். "ஆமாம். பயிற்சியாளர் யார்?"

சுவரைப் பார்த்திருந்த ஏழு முதுகுகளும் விறைத்தன. இயக்குநர் அட்டவணையைப் பார்த்தார், தலைவியைப் பார்த்தார், மறுபடி அட்டவணையைப் பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவருக்கு அதைச் சொல்லவும் வழியில்லை, அந்தக் கூடத்தைக் கட்டியவரே அவர்தான். ஆயுள் முழுக்க ஒரு காகிதத்துக்கு முன்னால் மண்டியிட்டுப் பழகியவரால் அந்தக் காகிதத்தைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை.

"அட்டவணை தவறாது," என்றார். குரல் உடைந்தது. "தவறியது நான். உலகின் தலைசிறந்த ஐந்து வீராங்கனைகளை நான் கெடுத்துவிட்டேன். அவர்களுடைய தோல்வி என் கணக்கில் எழுதப்பட வேண்டும்."

எழுதினார்கள். கிழங்கு நாட்டின் கணக்கிலிருந்து ஐந்து தோல்விகள் நீங்கின. மதிப்பெண் பழையபடி நூறானது. ஏணியின் பதிவு நின்றது. அவள் நிமிர்ந்து, அம்மாவைப் பார்த்து, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்த ஐந்து தோல்விகளும் இயக்குநர் பிறந்த நாட்டின் கணக்கில் ஏறின. அங்கிருந்து வந்தவர்கள் மொத்தமே கொஞ்சம் பேர்தான். எழுபத்தைந்து, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக முப்பத்துமூன்றுக்கு வந்தது. இயக்குநர் ராஜினாமா செய்தார். மூத்த மதிப்பீட்டாளர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வேலையாக அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பித்தளைப் பலகையை யாரோ எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். வரவேற்பறைச் சுவரின் வாசகம் அப்படியே இருந்தது.

புதுப் பருவம் தொடங்கும் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. அம்மா திறந்தாள். பழைய இயக்குநர் நின்றார், டை இல்லாமல். அவருக்குப் பின்னால் பதினேழு வயசுப் பெண் ஒருத்தி, ஐந்தடி பதினொன்று இருப்பாள், கையில் பந்து. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அந்த நிற்றலை அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

"இவ என் பொண்ணுங்க," என்றார் அவர். அச்சுப் பேச்சு எங்கோ போயிருந்தது. "ஜூனியர் கிளப்ல இடம் கிடைச்சிருந்துது. இப்ப எங்க நாட்டு எண் நாற்பதுக்குக் கீழ போயிடுச்சுன்னு எடுக்க மாட்டேங்கறாங்க. நல்லா ஆடறான்னு எல்லாரும் சொல்றாங்க. நான் பாத்ததில்லை. உங்க பொண்ணு ஒரு தடவை இவ ஆடறதைப் பாத்துட்டு, விசில் கோச்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா... தயவுசெஞ்சு இவளை இவளா மட்டும் பாருங்கம்மா. நாட்டை விடுங்க. இவளைப் பாருங்க."

அம்மா பெண்ணைப் பார்த்தாள். "உள்ள வாம்மா. ஏணி அக்கா பின்னாடி முற்றத்துலதான் இருக்கா, போ," என்றாள். பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினாள். அவரும் காலை எடுத்து வைத்தார். அம்மா கதவை அவர் முகத்துக்கு நேரே சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

பின்பக்கத்திலிருந்து பந்து தரையில் அடிபடும் சத்தம் வந்தது. ஏணி என்னவோ கத்தினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். சத்தம் வேகமெடுத்தது.

"அம்மா," என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "எப்படி ஆடறா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். நல்லா ஆடறாளா?"

அம்மா முற்றத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் எழும்பிய எழும்பலில் ஏணியே ஒரு கணம் வாயைப் பிளந்து நின்றாள். அம்மா திரும்பி வந்து கதவோரம் நின்றாள்.

"நீங்க எந்த நாடு சார்? அதைச் சொல்லுங்க," என்றாள். "நான் பாக்காமலே சொல்லிடறேன்."

அம்மா நாற்காலியை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு, பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். இருட்டும்வரை கதவைத் திறக்கவில்லை.